சதுரங்க உலகக் கோப்பையின் கடைசிச் சுற்றுகளை ஆட்டமாக எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சதுரங்க உலகக் கோப்பை காலிறுதியை எட்டிய பிறகு அது தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் எழுதப்படும் முறையைப் பற்றிச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். ‘முதல் ஆட்டம் டிரா’, ‘இரண்டாவது ஆட்டமும் டிரா’, ‘டைபிரேக்கரில் தோல்வி’ என்று மூன்று நாள்களில் மூன்று தலைப்புகள் வருகின்றன. அவற்றின் கீழே வீரரின் புகைப்படமும், வயதும், பரிசுத் தொகையும், தலைவர்களின் வாழ்த்தும் இருக்கின்றன. அந்த ஆட்டம் ஏன் டிராவில் முடிந்தது, அந்த டிரா யாருக்குத் தேவைப்பட்டது, எந்தக் கட்டத்தில் யாருடைய கடிகாரத்தில் நேரம் குறையத் தொடங்கியது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. கிரிக்கெட் இறுதிப் போட்டியைப் பற்றி எழுதும்போது கடைசி ஓவரில் எத்தனை ரன்கள் தேவைப்பட்டன என்பதைத் தங்கள் செய்தியாளர் ஒருபோதும் விட்டுவிடுவதில்லை. சதுரங்கத்துக்கும் அந்த அக்கறை காட்டப்பட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நான் பள்ளி மாணவர்களுக்கு மாலை வேளைகளில் சதுரங்கம் சொல்லிக்கொடுப்பவன். அவர்களில் பலருடைய வீட்டில் வாங்கப்படுவது தமிழ் நாளிதழ்தான். நகர்த்தல்களைக் குறிப்பு முறையில் எழுதவும் படிக்கவும் அவர்களுக்குத் தெரியும். ஓர் ஆட்டத்தின் நகர்த்தல்களைக் கொடுத்தால் பலகையை விரித்து வைத்து ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்துவிடுவார்கள். அவர்களுக்கு நாம் கொடுப்பதோ யாருக்கு எத்தனை லட்சம் கிடைத்தது என்ற செய்தியை மட்டுமே.

நாக் அவுட் போட்டியில் முடிவை மட்டும் சொன்னால் செய்தி பாதிகூடச் சொன்னதாகாது என்பதற்கு அப்போட்டியின் அமைப்பே காரணம். 2023ஆம் ஆண்டு அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் நடந்த உலகக் கோப்பையின் பொதுப்பிரிவில் 206 பேர் இறங்கினார்கள். முதல் 50 தரநிலைக்காரர்களுக்கு முதல் சுற்றில் ஓய்வு. மீதி 156 பேரில் 78 பேர் மேலேற, இரண்டாம் சுற்றிலிருந்து 128 பேர் கொண்ட நாக் அவுட் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் இருவர் மோதுவது இரண்டே கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டங்களில். வெள்ளைக் காய்களுடன் ஒன்று, கறுப்புடன் ஒன்று. அவை சமனில் முடிந்தால் மூன்றாம் நாள் டைபிரேக்கர் நடக்கும். முதலில் ஆளுக்கு 25 நிமிடமும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடியும் கொண்ட இரண்டு ராபிட் ஆட்டங்கள். பிறகு 10 நிமிட ஆட்டங்கள் இரண்டு. பிறகு 5 நிமிடமும் 3 விநாடியும் கொண்ட பிளிட்ஸ் ஆட்டங்கள் இரண்டு. அப்போதும் தீராவிட்டால் 3 நிமிடமும் 2 விநாடியும் கொண்ட ஒற்றை ஆட்டத்தில் வென்றவர் உள்ளே, தோற்றவர் வெளியே. இந்த ஏணி தெரியாத வாசகருக்கு ‘டைபிரேக்கரில் வெற்றி’ என்ற சொற்கள் எதையும் உணர்த்தாது. முதல் படியில் வென்றவரும் கடைசிப் படிவரை ஏறி வென்றவரும் அவருக்கு ஒன்றுபோலவே தெரிவார்கள்.

பாகுவில் அந்தக் கடைசிப் படிவரை ஏறியது பிரக்ஞானந்தாவும் அர்ஜுன் எரிகைசியும் மோதிய காலிறுதி. அந்த ஆண்டு காலிறுதியில் நின்ற எட்டுப் பேரில் குகேஷ், விதித் குஜராத்தி, அர்ஜுன், பிரக்ஞானந்தா என நால்வர் இந்தியர்கள். அவர்களில் இருவர் ஒருவருக்கொருவர் எதிரே அமர வேண்டியிருந்தது. முதல் ஆட்டத்தில் அர்ஜுன் கறுப்புக் காய்களுடன் வென்றார். இதன் பொருளை நாளிதழ் சொல்லியிருக்க வேண்டும். இரண்டே ஆட்டங்கள் உள்ள மோதலில் வெள்ளைக் காய்களுடன் ஆடி முதலாவதைத் தோற்றவருக்கு மறுநாள் மிஞ்சுவது கறுப்புக் காய்கள். அந்த நாளில் டிரா செய்தாலும் அவர் ஊர் திரும்ப வேண்டியதுதான். உயர்நிலை சதுரங்கத்தில் கறுப்புடன் ஆடுபவர் வழக்கமாக முதலில் நாடுவது சமநிலையை. கட்டாயம் வென்றாக வேண்டிய நாளில் அந்த வழக்கம் முழுவதையும் அவர் தள்ளிவைக்கிறார்: காய்களை வெட்டிக் கொள்வதைத் தவிர்த்து, பலகையில் சிக்கலை நீடிக்க வைத்து, தன் நிலை சற்றே மோசமாவதையும் பொறுத்துக்கொண்டு, எதிராளி தவறுவதற்கான வாய்ப்புகளைத் திறந்து வைக்கிறார். வெள்ளையுடன் ஆடுபவருக்கோ டிராவே போதும் என்பதால், பாதுகாப்பாக ஆடுவதா இயல்பாக ஆடுவதா என்ற தடுமாற்றம் வருகிறது. பிரக்ஞானந்தா அந்த இரண்டாவது ஆட்டத்தை வென்றார். மூன்றாம் நாள் ராபிட்டும், 10 நிமிட ஆட்டங்களும், பிளிட்ஸும் சமனிலேயே முடிய, ஒற்றை ஆட்டத்தில்தான் அவர் 5-4 என்று அரையிறுதிக்குப் போனார். மூன்று நாள்களில் ஒன்பது ஆட்டங்கள். என் நினைவில் இருக்கும் சதுரங்க மோதல்களில் இதைவிட நெஞ்சைப் பிடித்து உட்கார வைத்தவை சிலவே. மறுநாள் செய்தியில் இதற்குக் கிடைத்தது ‘போராடி வென்றார்’ என்ற ஒற்றைத் தொடர்.

அரையிறுதியில் பிரக்ஞானந்தாவின் எதிரே அமர்ந்தவர் அமெரிக்காவின் ஃபேபியானோ கருவானா. நான்காம் சுற்றில் உலகின் இரண்டாம் நிலை வீரரான ஹிகாரு நகமுராவை ராபிட்டில் வீழ்த்தியிருந்த பிரக்ஞானந்தா, இங்கே மூன்றாம் நிலை வீரரைச் சந்தித்தார். கிளாசிக்கல் இரண்டும் டிரா, 25 நிமிட ராபிட் இரண்டும் டிரா. 10 நிமிட ஆட்டங்களில் ஒன்றை வென்று மற்றொன்றைக் காப்பாற்றி 3.5-2.5 என்று இறுதிக்குள் நுழைந்தார். போட்டி நடந்துகொண்டிருந்தபோதுதான் அவருக்குப் பதினெட்டு வயது நிறைந்திருந்தது. விஸ்வநாதன் ஆனந்துக்குப் பிறகு உலகக் கோப்பையின் இறுதிச்சுற்றை எட்டிய இந்தியர் அவரே.

இங்கே ஓர் எளிய கூட்டலைச் செய்து பார்த்தாலே இறுதிச்சுற்றின் கதை பாதி விளங்கிவிடும். காலிறுதியிலும் அரையிறுதியிலும் சேர்த்துப் பிரக்ஞானந்தா ஆடியவை பதினைந்து ஆட்டங்கள். அதே இரண்டு சுற்றுகளில் நார்வேயின் மேக்னஸ் கார்ல்சன் குகேஷையும் நிஜாத் அபாசோவையும் 1.5-0.5 என்ற கணக்கில் வென்றார். அவர் ஆடியவை நான்கு. ஆகஸ்ட் 21 அன்று பிரக்ஞானந்தா கருவானாவுடன் டைபிரேக்கரில் மோதிக்கொண்டிருந்த நேரத்தில் கார்ல்சனுக்கு விடுமுறை. மறுநாளே, 22 அன்று, இறுதிச்சுற்றின் முதல் ஆட்டம். கார்ல்சன் நலமாக வந்து அமரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அரையிறுதிக்குப் பின் உணவு நஞ்சானதால் உடல் நலிந்திருந்ததை அவரே வெளிப்படையாகச் சொன்னார். களைத்துப்போன இளைஞர் ஒருபுறம், நோயுற்ற முன்னாள் உலகச் சாம்பியன் மறுபுறம் என்ற இந்த நிலைமையைச் சொல்லாமல் அடுத்த இரண்டு டிராக்களையும் ஒருவராலும் விளங்கிக்கொள்ள முடியாது.

முதல் ஆட்டம் 35 நகர்த்தல்களில் டிரா. 23 அன்று வெள்ளைக் காய்கள் கார்ல்சனிடம் இருந்தன. பொதுவாக வெள்ளையுடன் ஆடும் நாளில் எதிராளியை மணிக்கணக்கில் பிழிந்தெடுப்பவர் அவர். அன்று காய்களை விரைவாக வெட்டிக் கொண்டு, 30 நகர்த்தல்களில், ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில், அமைதியான டிராவை நோக்கிச் சென்றுவிட்டார். ஏன் என்று கேட்ட மாணவர்களுக்கு விடை எளிது: உடல் தேற அவருக்கு இன்னும் ஓர் இரவு தேவைப்பட்டது, டைபிரேக்கர் என்பது ராபிட்டிலும் பிளிட்ஸிலும் அப்போதைய உலகச் சாம்பியனான அவருக்கு ஏற்ற களம், ஆகவே அந்த டிரா அவருக்கு இலாபம். அன்று மாலை சந்திரயான்-3 நிலவில் இறங்கியதால் மறுநாள் முதல் பக்கம் முழுவதும் அதற்கே போனது மிகவும் நியாயமானது, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் உள்ளே விளையாட்டுப் பக்கத்தில் இருந்த செய்தி, ‘கார்ல்சனுக்கு அதிர்ச்சி அளித்தார் பிரக்ஞானந்தா’ என்ற தொனியில், வலியவர் விரும்பிப் பெற்றுக்கொண்ட டிராவை அவருக்கு நேர்ந்த பின்னடைவாகக் காட்டியது. மறுநாள் தோல்விச் செய்தியைப் படித்த வாசகருக்கு அது எங்கிருந்தோ வந்து விழுந்ததுபோல் இருந்திருக்கும்.

24ஆம் தேதி முதல் ராபிட் ஆட்டத்தில் பிரக்ஞானந்தாவிடம் வெள்ளைக் காய்கள். ஆட்டம் நெடுநேரம் சமநிலையில் நடந்தது; கடிகாரத்தில் அவருடைய நேரம் கரையத் தொடங்கிய பிறகு நிலைமை சிறிது சிறிதாகக் கார்ல்சன் பக்கம் சாய, கறுப்புடன் ஆடியவர் வென்றார். அடுத்த ஆட்டத்தில் கார்ல்சனுக்கு டிரா போதும், கையில் வெள்ளைக் காய்கள் வேறு. 22 நகர்த்தல்களில் முடித்துவிட்டார். 2.5-1.5. அதுவரை எல்லாப் பெரிய பட்டங்களையும் பெற்றிருந்த கார்ல்சனிடம் இல்லாதிருந்தது உலகக் கோப்பை. அதையும் அன்று பெற்றார்.

அதே நாள்களில் பாகுவில் இன்னொரு மோதலும் நடந்தது. மூன்றாமிடத்துக்காகக் கருவானாவும் அபாசோவும் ஆடினார்கள். தரவரிசையில் 69ஆவது இடத்தில் தொடங்கிய உள்ளூர் வீரர் அபாசோவ், அனிஷ் கிரியையும் பீட்டர் ஸ்விட்லரையும் நம் விதித்தையும் வீழ்த்தி அரையிறுதிவரை வந்தது அந்தப் போட்டியின் மிகப் பெரிய வியப்பு. உலகக் கோப்பையில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்களுக்குக் கேண்டிடேட்ஸ் போட்டியில் இடம் உண்டு. கார்ல்சன் அதில் ஆடப்போவதில்லை என்றதால், மூன்றாமிட மோதலில் தோற்ற அபாசோவும் அது நடந்த டொரன்டோவுக்குப் போனார். உலகச் சாம்பியனை எதிர்த்து ஆடுபவர் தேர்வாகும் போட்டி கேண்டிடேட்ஸ். அதற்கான இடங்கள் பங்கிடப்பட்டதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தால், 2024 ஏப்ரலில் டொரன்டோவில் குகேஷ் வென்றபோது அங்கே அமர்ந்திருந்த எண்மரில் அபாசோவ் எப்படி வந்தார் என்று மாணவர்கள் கேட்டிருக்கத் தேவையில்லை.

நாக் அவுட்டின் இந்த ஓய்வும் களைப்பும் புதிய விஷயமும் அல்ல. நம் ஆனந்தின் வாழ்க்கையிலேயே இதற்குப் பெரிய சான்று இருக்கிறது. 1997 டிசம்பரில் நெதர்லாந்தின் குரோனிங்கனில் நடந்த நாக் அவுட்டில் சுற்றுச் சுற்றாக முன்னேறிய ஆனந்த், அதன் இறுதியில் மைக்கேல் ஆடம்ஸுடன் ஆட்டம் மேல் ஆட்டமாகச் சமன் செய்து, கடைசி ஒற்றை ஆட்டத்தில் 5-4 என்று வென்றார். அடுத்த சில நாள்களிலேயே, 1998 ஜனவரித் தொடக்கத்தில், லோசானில் அனதோலி கார்ப்போவுடன் உலகப் பட்டத்துக்கான மோதல். கார்ப்போவோ நேரடியாக அந்த இறுதிக்கே அழைக்கப்பட்டிருந்தார். முந்தைய சுற்று ஒன்றையும் அவர் ஆடவில்லை. ஆறு ஆட்டங்கள் 3-3 என முடிய, ராபிட்டில் ஆனந்த் 0-2 என்று தோற்றார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு பாகுவில் நடந்ததைப் பார்த்தபோது எனக்கு லோசான் நினைவுக்கு வந்தது. பழைய வாசகர்கள் பலருக்கும் வந்திருக்கும். தங்கள் செய்தியாளர் அதை நினைவுபடுத்தி நான்கு வரி எழுதியிருந்தால் இளைய வாசகர்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

2025ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அந்த ஆண்டு நவம்பரில் உலகக் கோப்பை நம் நாட்டிலேயே, கோவாவில் நடந்தது; கோப்பைக்கு ஆனந்தின் பெயரே சூட்டப்பட்டது. உலகச் சாம்பியன் குகேஷ் மூன்றாம் சுற்றில் ஜெர்மனியின் ஃபிரெடெரிக் ஸ்வானேவிடம் தோற்றார். பிரக்ஞானந்தா நான்காம் சுற்றில் டேனியல் துபோவிடம் தோற்றார். அந்த நாளிலிருந்தே செய்திகள் சுருங்கத் தொடங்கின. பீட்டர் லேகோவையும் லெவோன் அரோனியனையும் அடுத்தடுத்து வீழ்த்திக் காலிறுதிவரை வந்தவர் அர்ஜுன் எரிகைசி. சீனாவின் வெய் யியிடம் அவர் டைபிரேக்கரில் தோற்ற பிறகு, தங்கள் பக்கத்தில் உலகக் கோப்பை என்ற ஒன்று நடப்பதற்கான அடையாளமே இல்லாமல் போனது. அர்ஜுனுடைய இழப்பின் கனத்தையும் யாரும் எழுதவில்லை. 2023இல் காலிறுதியில் டைபிரேக்கரில் தோற்றவர், 2025இல் அதே காலிறுதியில் அதே டைபிரேக்கரில் தோற்கிறார். இரண்டு முறையும் கேண்டிடேட்ஸ் கதவு அவர் கண்முன்னே அடைக்கப்பட்டது. வாரங்கல்லிலிருந்து வந்து உலகின் முதல் வரிசையில் நிற்கும் ஓர் இளைஞருக்கு நேர்ந்த இதைத் தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அதன் பிறகு கோவாவில் நடந்தவை அந்தப் போட்டியின் மிகச் சிறந்த நாள்கள் என்றே நான் கருதுகிறேன். அரையிறுதியின் ஒரு பக்கத்தில் உஸ்பெகிஸ்தானின் ஜவோகிர் சிந்தரோவும் அவருடைய நாட்டவரான நோதிர்பெக் யாகுபோயேவும். மறுபக்கத்தில் வெய் யியும் ஆந்த்ரே எசிபென்கோவும். இரண்டு அரையிறுதிகளும் டைபிரேக்கருக்குப் போயின. இறுதிச்சுற்றிலும் கிளாசிக்கல் இரண்டும் டிராவாகி, ராபிட்டில் சிந்தரோவ் வெய் யியை 2.5-1.5 என வென்றார். பத்தொன்பது வயதில், உலகக் கோப்பையை வென்ற மிக இளையவராக. நம் ஊர்ப் பிள்ளைகள் அடுத்த பத்தாண்டுகள் எதிர்த்து ஆடப்போவது இந்த உஸ்பெக் இளைஞர்களைத்தான். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது தங்கம் வென்ற அணி உஸ்பெகிஸ்தான் என்பதும், அந்த அணியில் சிந்தரோவ் இருந்தார் என்பதும் நம் வாசகர்களுக்கு நினைவூட்டத் தக்கவை. நம்மவர் தோற்றதும் பக்கத்தை மூடிவிட்டால், அவரைத் தோற்கடித்தவர் எப்படி ஆடுகிறார் என்பதைக் கற்கும் வாய்ப்பையும் சேர்த்தே மூடிவிடுகிறோம்.

நம்மவர் வென்றாலும் நிலைமை பெரிதாக மாறிவிடுவதில்லை. 2025 ஜூலையில் ஜார்ஜியாவின் பதூமியில் நடந்த மகளிர் உலகக் கோப்பையின் இறுதியில் திவ்யா தேஷ்முக்கும் கோனேரு ஹம்பியும் மோதினார்கள். எதிரெதிரே இரண்டு இந்தியர்கள், இரண்டு தலைமுறையினர். திவ்யா வென்று கிராண்ட்மாஸ்டர் பட்டமும் பெற்றார் என்ற செய்தி பெரிதாக வந்தது, மகிழ்ந்தேன். ஆனால் ஹம்பி அந்த இறுதிக்கு வர, சீனாவின் லெய் திங்ஜியேவுடன் அரையிறுதியில் எட்டு ஆட்டங்கள் ஆடி 5-3 என்று தப்பியிருந்ததும், திவ்யா தன் அரையிறுதியை இரண்டே ஆட்டங்களில் முடித்துவிட்டு ஓய்வோடு காத்திருந்ததும் செய்தியில் இல்லை. இரண்டாவது ராபிட் ஆட்டத்தில் கடிகாரம் நெருக்கிய வேளையில் ஹம்பி தடுமாறியதை எழுதும்போது இந்தத் தகவலும் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அது திவ்யாவின் வெற்றியை எந்த வகையிலும் குறைக்காது. ஹம்பியின் ஆட்டத்துக்கு உரிய நியாயத்தைச் செய்யும்.

இடமில்லை, நேரமில்லை என்று தாங்கள் சொல்லக்கூடும். நேரத்தைப் பொறுத்தவரை, பாகுவில் ஆட்டங்கள் நம் நேரப்படி மாலை 4.30 மணிக்குத் தொடங்கின. கோவாவில் பிற்பகல் 3 மணிக்கே தொடங்கின. பெரும்பாலான ஆட்டங்கள் இரவுப் பதிப்புக்கு முன்பே முடிந்துவிடுகின்றன, டைபிரேக்கர் ஆட்டங்கள் இன்னும் விரைவில். இடத்தைப் பொறுத்தவரை, 40 நகர்த்தல்கள் கொண்ட ஓர் ஆட்டத்தைச் சிறிய எழுத்தில் அச்சிடப் பக்கத்தின் ஒற்றைப் பத்தி அகலத்தில் கால்வாசி உயரம் போதும். வாழ்த்துச் செய்திகளுக்கு இப்போது ஒதுக்கப்படும் இடத்தைவிட அது குறைவு.

நான் கேட்பது மிகப் பெரிய மாற்றமும் அல்ல. காலிறுதி தொடங்கும் நாளிலிருந்து இறுதி முடியும் நாள்வரை, யார் ஆடினாலும், நாள்தோறும் ஓர் ஆட்டத்தின் நகர்த்தல்கள் முழுவதையும், திருப்பம் நேர்ந்த கட்டத்தின் பலகைப் படம் ஒன்றையும் வெளியிடுங்கள். டைபிரேக்கரின் படிகளை ஒரு சிறு கட்டத்தில் விளக்கி, சுற்று முடியும்வரை அதைத் திரும்பத் திரும்ப அச்சிடுங்கள். எவர் எத்தனை ஆட்டங்கள் ஆடி வந்திருக்கிறார் என்பதையும், மறுநாள் யாருக்கு வெள்ளைக் காய்கள், யாருக்கு டிரா போதும் என்பதையும் செய்தியின் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். ஆட்டத்தைப் பார்த்து எழுதத் தெரிந்தவர்கள் தமிழகத்தில் ஏராளம். சென்னையிலேயே கிராண்ட்மாஸ்டர்கள் பலர் இருக்கிறார்கள், மாவட்டந்தோறும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அந்தப் பத்து நாள்களுக்கு மட்டும் அவர்களில் ஒருவரிடம் நாள்தோறும் இருநூறு சொற்கள் கேட்டு வாங்கினால் போதும். மகளிர் உலகக் கோப்பைக்கும் இதே அளவு இடம் ஒதுக்க வேண்டும் என்பதையும், மூன்றாமிட மோதலை விட்டுவிடக் கூடாது என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த உலகக் கோப்பையின் காலிறுதிக்கு முன்பாகவே இதைத் திட்டமிட்டு, எந்த நாளிலிருந்து நகர்த்தல்கள் வெளிவரும் என்பதைச் சிறு அறிவிப்பாக வெளியிட்டால், அன்றிலிருந்து மாணவர்களைப் பலகையுடன் நாளிதழையும் கொண்டுவரச் சொல்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகரும் சதுரங்கப் பயிற்சியாளரும்,
திருச்சிராப்பள்ளி